கடற்கரைக் கத்தோலிக்கப் பெண்கள் பங்குத்தந்தை சொல்லும் கட்சிக்குத்தான் வாக்களிக்கிறார்களா? திருச்சபைப் பணியில் அவர்களுக்கு என்ன இடம்?

கேள்வி இரண்டாக வந்திருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பெண்கள் சாமியார் (பங்குத்தந்தையை, அதாவது ஊர்க் கோவிலின் குருவை, அப்படித்தான் சொல்வோம்) கைகாட்டும் பக்கம் வாக்களிப்பவர்களா என்பது ஒன்று. அதே கோவிலில் அவர்களுக்கு உண்மையான பணிப்பொறுப்பு உண்டா, இல்லை பூக்கட்டிக் கூட்டிப் பெருக்குவதோடு சரியா என்பது மற்றொன்று. கேட்டவர் இரண்டையும் தனித்தனியாக நினைத்திருக்கலாம். எனக்கு அவை ஒரே கேள்விதான். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவள். பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்க மக்கள். பதினேழு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (விசுவாசப் பாடம்) நடத்துகிறேன். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர்களில் ஒருத்தி; அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழுவுக்குப் பொறுப்பாளர். எந்தக் கட்சியிலும் இல்லை.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் பல ஊர்களில் பங்குத்தந்தைதான் ஊர்க் கமிட்டிக்கும் தலைவர். மீன் குத்தகைப் பணம், படகுத் தகராறு, அடுத்த ஊரோடு எல்லைச் சண்டை எல்லாம் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஆகவே வேட்பாளரும் வந்து இறங்கியதும் முதலில் ஃபாதர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். சால்வை போர்த்துவார், படம் எடுத்துக்கொள்வார். மறுநாள் அந்தப் படத்தைப் பார்க்கும் நகரத்துக்காரர், ஊர் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். அடுத்த நாள் எதிர்க்கட்சிக்காரரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே காப்பியைக் குடித்துவிட்டுப் போனது அவருக்குத் தெரியாது.

சட்டமும் குருக்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123ஆம் பிரிவு: மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. இப்படி வாக்களித்தால் கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதும் குற்றம்தான். சட்டத்தை எழுதியவர்கள் எந்த ஊர்ச் சாமியாரைப் பார்த்து அதை எழுதினார்களோ! தேர்தலுக்கு முன் ஆயரிடமிருந்து (பிஷப்) வரும் சுற்றுமடலில் மதச்சார்பின்மை, ஏழைகள், சிறுபான்மையினர் பாதுகாப்பு என்றெல்லாம் இருக்கும். கட்சியின் பெயர் இருக்காது. வாசிப்பவரின் குரல் ஏறி இறங்குவதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். ஊகிக்கிறோம். பிறகு எங்கள் வேலையைப் பார்க்கிறோம்.

2021 தேர்தலைச் சொல்கிறேன். வாக்குப்பதிவு ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரல் 4. பரப்புரை முடியும் நாளும் அதுவே. புனித வாரம் முழுக்க ஒருபக்கம் சிலுவைப்பாதை, மறுபக்கம் ஒலிபெருக்கி வண்டி. பெருவிழா அன்று மாலை ஏழு மணிக்கு வண்டிகள் ஓய்ந்தபின் எங்கள் அன்பியப் பெண்கள் பதினான்கு பேர் ஒரு வீட்டு முற்றத்தில் செபமாலை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு தானாகவே தேர்தலுக்குப் போனது. ஃபாதர் என்ன நினைக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு கட்சி மாதம் ஆயிரம் தருவேன் என்கிறது, இன்னொரு கட்சி ஆயிரத்து ஐந்நூறு என்கிறது. எது கைக்கு வரும் என்று ஒரு கணக்கு ஓடியது. கடலரிப்பில் வீட்டுச் சுவரைப் பறிகொடுத்த அக்கா, "எனக்கு ஆயிரமும் வேண்டாம், ஆயிரத்து ஐந்நூறும் வேண்டாம். தூண்டில் வளைவு யார் போடுவார்கள் என்று சொல்லுங்கள்" என்றார். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் வளைத்துக் கொட்டும் கல்தடுப்பு. எங்கள் ஊர்களில் அதன் நீளத்தை மீட்டர் கணக்கில் சொல்லாத வேட்பாளரை யாரும் நின்று கேட்பதில்லை.

இன்னொரு பெண், ஒக்கிப் புயலில் மைத்துனரை இழந்தவர், அதிகம் பேசவில்லை. 2017 நவம்பர் இறுதியில் அந்தப் புயல் வந்தது. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கானோரில் அவரும் உண்டு. அன்று குருக்கள் முன்னால் நின்றார்கள், உண்மைதான். ஆனால் இரவாகியும் எழுந்திருக்க மறுத்தவர்கள் பெண்கள். எந்தக் கட்சிக்காரர் எத்தனையாவது நாள் வந்தார் என்ற வரிசை அந்தப் பெண்களுக்கு இன்றும் மனப்பாடம்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே மாதம் வந்தது. ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில். இரண்டும் எங்கள் மீன்காரப் பெண்களின் கையில் நிற்கும் காசைக் கூட்டியிருக்கின்றன. அதை மறைத்துப் பேசினால் பொய். ஆனால் அதே 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை வாடை வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். செய்தி மாநிலம் முழுக்கப் பரவியது, முதல்வரே கண்டித்தார். டிக்கெட் இல்லை என்பதற்காக நன்றியோடு வாக்களிப்பார்களா, இறக்கிவிட்டதற்காகக் கோபத்தோடு வாக்களிப்பார்களா? என் மாமியார் அந்தத் தொழில்தான் செய்தார். இரண்டையும் ஒரே முந்தானையில் முடிந்து வைத்திருப்பவர். தேர்தல் நெருங்கும்போது பெண்களின் மனநிலை என்று நீங்கள் எதைக் கேட்டாலும் இந்த முடிச்சுக்குள்தான் கிடக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி.

கன்னியாகுமரி 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு இணைந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமன் காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்தையும் உள்ளாட்சியையும் கவனித்தார். அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் அவர்தான். எங்கள் கடற்கரைச் சமூகத்துப் பெண். அதே 1957இல் கோவிலில் திருப்பலி லத்தீனில் நடந்தது. வாசகத்தையும் குருவே வாசித்தார். பீடத்துக் கிராதியைத் தாண்டிப் பெண் போவது துடைப்பத்தோடு மட்டும்தான். ஒரு துறையையே ஆளலாம், ஒரு வாசகம் வாசிக்க முடியாது. இதைச் சொன்னால் எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இப்போது வாசிக்கிறோம். நான் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். ஆனால் 2021 ஜனவரி வரை திருச்சபைச் சட்டத்தில் வாசகர், பீடத்துணைவர் (திருப்பலியில் பீடத்தருகே குருவுக்கு உதவுபவர்) என்ற நிலையான பணிகள் ஆண்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தன. பெண்கள் வாசித்ததெல்லாம் தற்காலிக ஏற்பாடு என்ற கணக்கில்தான். திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மாதம் சட்டத்தின் 230ஆம் பிரிவில் ஒரு சொல்லை மாற்றிப் பெண்களையும் சேர்த்தார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வியாளர் என்பதையும் முறையான திருப்பணியாக ஏற்படுத்தினார். தமிழ்க் கடற்கரைக்கு இது புதுமை இல்லை. குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோன காலத்தில் ஊரின் விசுவாசத்தைக் கட்டிக் காத்தவர்கள் உபதேசியார்கள். அவர்கள் ஆண்கள், பெயரும் சம்பளமும் இருந்தன. அந்த வேலையின் பெரும்பகுதி பிறகு பெண்கள் கைக்கு வந்தது. வந்ததும் சம்பளம் மறைந்துவிட்டது. இது எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்கில் நாங்கள் செய்வது என்ன? மறைக்கல்வி ஆசிரியர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் பெண்கள். அன்பியக் கூட்டங்களை நடத்துவதும், முதல் நன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதற்கு) பிள்ளைகளைத் தயாரிப்பதும், நோயாளிகளின் பட்டியல் எழுதுவதும் நாங்கள். நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோவது அருள்சகோதரி. சாவு வீட்டில் ஃபாதர் வந்து சேரும்வரை செபம் தொடங்கி நடத்துவதும் பெண்கள்தான். ஃபாதர் வந்ததும் ஒதுங்கி நிற்போம். அது தவறு என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

என்னை உறுத்துவது பீடம் இல்லை, பங்குப் பேரவை, அதாவது பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் குழு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம். மறைக்கல்வி வகுப்புகளுக்கு இரண்டு மின்விசிறி வேண்டும் என்று கேட்டிருந்தோம். இரவு ஒன்பதரைக்கு அந்தப் பொருள் வந்தது. அதற்குமுன் திருவிழா வாணவேடிக்கைக்கு ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. நான் எழுந்து கணக்கைச் சொன்னேன். இருபது பேரில் பதின்மூன்று பேர் கை தூக்கினார்கள். கை தூக்கியவர்களை எண்ணியபிறகு ஃபாதர், "அடுத்த ஆண்டு பார்ப்போம்மா" என்றார். அவ்வளவுதான். கோபத்தோடு வீட்டுக்கு வந்து திருச்சபைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 536ஆம் பிரிவு: பங்கு மேய்ப்புப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. பதின்மூன்று கைகளும் ஆலோசனைகள். ஆண்களின் கையும் அதில் அடக்கம் என்பது எனக்குச் சிறிய ஆறுதல்.

இங்கேதான் இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, சொத்துத் தகுதியோடுதான் என்றாலும். வத்திக்கானில் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 2023 அக்டோபரில். நடுவில் நூற்றிரண்டு ஆண்டுகள். எங்களை ஃபாதர் சொல்கிறபடி வாக்களிப்பவர்கள் என்று நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். கோவிலுக்குள் எண்ணப்படாத கை, வாக்குச்சாவடிக்குள் எண்ணப்படுகிறது. அதை எந்தப் பெண்தான் இன்னொருவர் கையில் கொடுப்பாள்?

குருப்பட்டம் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்பீர்கள். 1994இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதினார். அதன்பின் வந்தவர்கள் யாரும் அதை அசைக்கவில்லை. பெண் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த கீழ்நிலைப் பட்டம்) பற்றி 2016, 2020 என இரண்டு குழுக்கள் அமைந்தன. 2025 டிசம்பரில் வெளியான அறிக்கை இப்போதைக்கு இல்லை என்றது, ஆனால் இறுதித் தீர்ப்பு என்றும் சொல்லவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் ஒரு பெண்ணைக் கெங்கிரேயா சபையின் 'தியாக்கோனோஸ்' (பணியாளர் என்றும் திருத்தொண்டர் என்றும் பொருள் கொள்ளலாம்) என்று பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பொருள் காண்பதில் இத்தனை குழுக்கள். எங்கள் பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலோ கேள்வி என்றோ முடிந்துவிட்டது. அங்கே பெண்கள் அபிஷேகம் பெறுகிறார்கள், 2013இல் பெண் ஒருவர் பேராயராகவே (பிஷப்) ஆனார். திருமண வீடுகளில் அந்தப் பக்கத்து உறவினர்கள் இதைச் சொல்லிக் குத்துவார்கள். நாங்கள் புனித தேவசகாயத்தைச் சொல்லி மடக்குவோம்: 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை, குடும்பஸ்தர்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பட்டம் வேண்டாம். கேட்கிற பெண்களைக் கேலி செய்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நான் கேட்பது மிகச் சிறியது: பதின்மூன்று கை தூக்கினால் மின்விசிறி வர வேண்டும். உரோமையில் 2025 ஜனவரியில் அருள்சகோதரி சிமோனா பிரம்பில்லா ஒரு பேராயத்தின் (அமைச்சகம் போன்ற வத்திக்கான் துறை) தலைவராகவே ஆகிவிட்டார். பட்டம் இல்லாமலும் அதிகாரம் தர முடியும் என்று அங்கே தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி எங்கள் பங்குக்கு வர இன்னும் எத்தனை திருவிழா ஆகுமோ.

2021 ஏப்ரல் 6க்கு வருகிறேன். எங்கள் வாக்குச்சாவடி பங்குப் பள்ளியில், நான் எட்டாம் வகுப்பு மறைக்கல்வி நடத்தும் அதே அறையில். கரும்பலகையில் குருத்து ஞாயிறுக்கு முன் நான் எழுதிப்போட்டது பாதி அழிந்து கிடந்தது. கொரோனாக் காலம் என்பதால் வலது கைக்கு மட்டும் பாலிதீன் உறை கொடுத்தார்கள். பெண்கள் வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது; ஆண்கள் வரிசையில் ஏழாவது ஆளாக ஃபாதர். மாமியார் அவரைப் பார்த்துத் தோத்திரம் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவருக்கும் ஒன்றுதானே?" என்றார். ஒன்றுதான் என்றேன்.

மாமியார் உள்ளே போய் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து விரல் மையை ஊதிக்கொண்டே நடந்தார். வழியில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.