எட்டுச் சிப்பையும் மாற்ற வேண்டியதில்லை

1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64 வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆன் செய்தால் நீலத்திரை வருகிறது, ஆனால் 38911 பைட் காலி என்று காட்ட வேண்டிய இடத்தில் 22527 என்று வருகிறது. எட்டு மெமரி சிப்பையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஆனால் மறுபடி ஆன் செய்யும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள். இந்த மாடலின் பழைய சப்ளைகள் கெடும்போது 5 வோல்ட் ஏறிவிடும். மெமரி சிப்கள் சாக அதுவே பெரிய காரணம். கணினியில் செருகாமல் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 5.25-க்கு மேல் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, இனி அந்த எண்ணுக்கு வருவோம். கணினி ஆன் ஆனதும் ஒவ்வொரு மெமரி இடத்திலும் ஒரு மதிப்பை எழுதிப் படித்துப் பார்க்கும். தப்பாக வந்த முதல் இடத்தோடு நின்று, அதுவரை உள்ளதைத்தான் காலி என்று காட்டும். பேசிக் மொழியில் எழுதும் நிரலுக்கான இடம் 2049-இல் தொடங்குகிறது. 22527-ஐ அதோடு கூட்டினால் 24576. கோளாறு அங்கேதான்.

மெமரியில் எழுதும் கட்டளையான போக் (POKE) மூலம் போக் 24576,85 என்று கொடுத்து, படிக்கும் கட்டளையான பீக் (PEEK) மூலம் அதைத் திரும்பப் படியுங்கள். 85 வராமல் 81 வந்தால் வித்தியாசம் 4, அதாவது பிட் 2 (பிட் 0-இன் மதிப்பு 1, பிட் 1-க்கு 2, பிட் 2-க்கு 4). பழைய போர்டுகளில் இருக்கும் 4164 என்ற மெமரி சிப் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட்டைத்தான் பார்த்துக்கொள்ளும். அதனால் பிட் தெரிந்தால் சிப்பும் தெரிந்துவிடும். உங்கள் போர்டின் வரைபடத்தில் அந்த டேட்டா லைன் எந்தச் சிப்புக்குப் போகிறது என்று பாருங்கள். 85 சரியாக வந்தால் 170 போட்டுப் பாருங்கள், மீதி நான்கு பிட்டும் அதில் சோதனையாகிவிடும். பல பிட்டுகள் ஒன்றாகத் தப்பினால் மெமரி சிப்பைச் சந்தேகிக்கும் முன் முகவரி லைன்களில் உள்ள 74எல்எஸ்257 சிப்களைப் பாருங்கள்.

திரையே வராத கணினிக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே விரல்தான் கருவி. ஒரு நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு சிப்பாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால் அது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். எதுவும் சுடாவிட்டால், கணினியை அணைத்துவிட்டு, நல்ல 4164 ஒன்றை ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் கால்கள் ஒட்டும்படி வைத்து ஆன் செய்து பாருங்கள். திரை வந்தால் கெட்ட சிப் அதுதான். வராவிட்டால் எதையும் முடிவு செய்யாதீர்கள், ஷார்ட் ஆன சிப் மேலே இருக்கும் நல்லதையும் பேசவிடாது. எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப் கெட்டாலும் இதே இருட்டுத்திரைதான் வரும்.

கழற்றும்போது, கெட்டது உறுதி என்றால் சிப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கால்களைக் கட்டரால் உடம்போடு ஒட்ட நறுக்கிவிட்டு ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி எடுத்தால் போர்டில் தடம் பிய்யாது. அப்புறம் சாக்கெட் வைத்துப் புது சிப்பைச் செருகுங்கள், பள்ளம் உள்ள பக்கம் பழையபடியே இருக்கட்டும். 4164-இல் 5 வோல்ட் 8-ஆவது காலில், கிரவுண்ட் 16-இல். சாதாரண லாஜிக் சிப்களுக்கு நேர்மாறு.