வாசகர் கேள்வி – பதில்: ஆர்எஃப்ஐடி கருவியை நாமே கட்டலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை பல, ஆர்எஃப்ஐடி எனப்படும் ரேடியோ அடையாள அட்டைகளையும் அவற்றைப் படிக்கும் கருவிகளையும் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

கேள்வி: ஆர்எஃப்ஐடி அட்டைகளை ஆராயும் புராக்ஸ்மார்க் 3 கருவியின் மின்சுற்று வரைபடங்கள் எவரும் பயன்படுத்தத் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு நானே பலகை செய்து, பாகங்களை வாங்கிப் பொருத்த விரும்புகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் பாகங்கள் கிடைக்குமா? ஆயத்தமாக விற்கும் பலகையை விட மலிவாக முடியுமா?
— பொறியியல் மாணவர், பர்கூர்

பதில்: மலிவாக முடியாது. கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யலாம். பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

ஜோனதன் வெஸ்ட்ஹ்யூஸ் என்பவர் வடிவமைத்து, 2007-இல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வெளியிட்ட கருவி இது. 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளையும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளையும் ஒரே கருவியால் ஆராய முடிவது இதன் சிறப்பு. அதன் நடுவே இரண்டு சிப்கள் உள்ளன: ஒன்று அட்மெல் நிறுவனத்தின் ஏடி91சாம்7எஸ் என்ற ஆர்ம் வகை மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சிப்), மற்றொன்று சைலிங்க்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்ட்டன் 2 வகை எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளத்தக்க சிப்). இரண்டாவது சிப்பில் நூறு கால்கள் இருக்கின்றன. ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்தான். வீட்டில் ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரித்தெடுக்கும் பலகையில் அவ்வளவு நெருக்கமான தடங்களைப் பிசிறில்லாமல் கொண்டுவருவது அரிது. ஆகவே பலகையின் வரைபடத்தை கெர்பர் என்ற வகைக் கோப்புகளாகத் தொழிற்சாலைக்கு அனுப்பித்தான் செய்விக்க வேண்டும். அவர்களோ பெரும்பாலும் ஐந்து பலகைகளுக்குக் குறைந்து எடுப்பதில்லை. வேண்டியது ஒரு பலகை. மற்ற நான்கையும் யாருக்குக் கொடுப்பது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து செய்தால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

பாகங்களைப் பொறுத்தவரை, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ரெகுலேட்டர் போன்றவற்றுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு போதும். கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெரு, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரிச்சி தெருவை விட வெகு அருகில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன இரண்டு சிப்களையும் தெருக்கடையில் வாங்க வேண்டாம். ஸ்பார்ட்டன் 2 பழைய தலைமுறைச் சிப். இத்தகையவை விற்பனைக்கு வரும்போது, பழைய பலகைகளிலிருந்து கழற்றி, மேற்பரப்பைத் தேய்த்து, புதிதாக எழுத்து அச்சிட்டவையும் கலந்தே வரும். பஞ்சில் அசிட்டோன் தொட்டுச் சிப்பின் தலையில் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் கருமை ஒட்டி எழுத்து மங்கினாலோ, கால்களின் நுனியில் பழைய ஈயத்தின் தடிப்பு தெரிந்தாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. மவுசர், எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நான்கைந்து சிறு பாகங்களுக்காக ஆர்டர் போட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். பாகப் பட்டியல் முழுவதையும் முடித்து, ஒவ்வொன்றும் கையிருப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரே தவணையில் வாங்குங்கள். பட்டியலில் ஒரு சிப் கிடைக்காது என்று தெரிந்தால் பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். பாகம் கைக்கு வந்த பிறகே பலகை என்ற வரிசையை மாற்றவே கூடாது.

பொருத்தும்போதும் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்வழங்கும் பகுதியை மட்டும் சால்டர் செய்து, யூஎஸ்பி கம்பியைச் செருகி, 3.3 வோல்ட்டும் எஃப்பிஜிஏ-வின் உட்கருவுக்குத் தேவையான 2.5 வோல்ட்டும் சரியாக வருகின்றனவா என்று மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் விலை உயர்ந்த சிப்களை வைக்க வேண்டும். சிப்பின் நான்கு மூலைக் கால்களில் எதிரெதிரான இரண்டை மட்டும் முதலில் பிடிக்க வைத்து, பூதக்கண்ணாடியில் நேர் பார்த்து, பிறகு தாராளமாக ஃபிளக்ஸ் தடவி மற்ற கால்களை இழுத்துச் செல்லுங்கள். புதிதாக வாங்கிய மைக்ரோகண்ட்ரோலரில் எந்த மென்பொருளும் இருக்காது என்பதையும் மறந்துவிட வேண்டாம். அதில் பூட்லோடர் எனப்படும் தொடக்க மென்பொருளை முதன்முதலில் ஏற்ற, சிப்பில் நேரடியாக எழுதும் ஜேடேக் கருவி தேவை. அது கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு ஆயத்தப் பலகையே வாங்குவதென்று முடிவு செய்தால், அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. புராக்ஸ்மார்க் 3 ஈஸி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில், மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகம் 512 கிலோபைட் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். 256 உள்ளதில் இன்றைய முழு மென்பொருளும் அடங்காது, சில வசதிகளை நீக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரியோடு, தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு தரும் கருவி வகை ஒப்புதலையும் கேட்கக்கூடும் என்பதால், இந்திய விற்பனையாளர் ஒருவர் ஏற்கெனவே இறக்குமதி செய்து வைத்திருப்பதை வாங்குவதே சுலபம். மூளைப் பலகையை வாங்கிக்கொண்டு, ஆண்டெனாவையும் மென்பொருளையும் நம் கையால் செய்வதுதான் இந்தத் துறையில் ஆர்வலருக்கு உகந்த வேலைப் பிரிவினை என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நூல் வழங்கலைப் பதிவு செய்ய அட்டை படிக்கும் ஆர்சி522 பலகை ஒன்றை ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையுடன் இணைத்தேன். கூடவே வந்த அட்டையைச் சில நேரம் படிக்கிறது, சில நேரம் படிப்பதில்லை. நண்பரின் அலுவலக அட்டையை அறவே படிப்பதில்லை. பலகை பழுதா?
— ஆசிரியை, பாலக்கோடு

பதில்: அலுவலக அட்டையிலிருந்து தொடங்குவோம். ஆர்சி522 பலகை 13.56 மெகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். அலுவலகக் கதவுகளில் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகள் இன்றும் பரவலாகப் புழங்குகின்றன. அவற்றை இந்தப் பலகை ஒருபோதும் படிக்காது. இருட்டில் அட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். மெல்லிய அட்டையானால் உள்ளே இருக்கும் சுருள் நிழலாகத் தெரியும். விளிம்பை ஒட்டிச் செவ்வகமாகச் சில சுற்றுகள் மட்டும் இருந்தால் அது 13.56, வட்டமாக, நெருக்கமாக, பல சுற்றுகள் இருந்தால் அது பெரும்பாலும் 125. என்எஃப்சி வசதியுள்ள கைப்பேசியின் முதுகில் வைத்தும் சோதிக்கலாம். கைப்பேசி உணர்ந்தால் 13.56.

விட்டு விட்டுப் படிப்பதற்குக் காரணம் வேறு. இந்தப் பலகைகள் இணைப்புக் கம்பி வரிசையைத் தனியே பொட்டலத்தில் வைத்து விற்கப்படுகின்றன. அதைச் சால்டர் செய்யாமல் துளையில் செருகி மட்டும் வைத்திருந்தாலோ, ஈயம் துளைக்குள் இறங்காமல் மேலே உருண்டையாக நின்றிருந்தாலோ, விரல் பட்டால் வேலை செய்யும், விரலை எடுத்தால் நின்றுவிடும். எட்டுக் கால்களையும் மீண்டும் சூடாக்கி ஈயத்தை ஓட விடுங்கள். அடுத்தது மின்னழுத்தம்: இந்தச் சிப் 3.3 வோல்ட்டுக்கானது, யூனோவின் சமிக்ஞைக் கால்களோ 5 வோல்ட் தருகின்றன. நடுவில் மட்டம் மாற்றும் சிறு பலகை ஒன்றை வையுங்கள், அல்லது 3.3 வோல்ட்டிலேயே இயங்கும் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் பலகைக்கு மாறிவிடுங்கள். நிரந்தரமாகப் பொருத்தப்போகும் கருவிக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பலகையில் இருப்பது என்எக்ஸ்பி நிறுவனத்தின் அசல் சிப்தானா என்பதையும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதினாறடிமான எண்ணில் 37 என்ற முகவரியில் உள்ள பதிப்புப் பதிவகத்தைப் படியுங்கள். 91 அல்லது 92 என்று வந்தால் அசல் வரிசையைச் சேர்ந்தது. 88 என்று வந்தால் ஃபுடான் நிறுவனத்தின் இணைச் சிப். 00 அல்லது எஃப்எஃப் (எல்லாப் பிட்களும் ஒன்று) என்று வந்தால் சிப்பைக் குறை சொல்ல வேண்டாம். கம்பி இணைப்பில்தான் கோளாறு. இணைச் சிப்பும் உங்கள் வேலைக்குப் போதும். அட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் படிக்கும் என்பது இத்தகைய மலிவுப் பலகைகளின் இயல்பு. மேசைமேல் அட்டையை வைத்து எடுக்கும் நூலகப் பதிவுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

கேள்வி: ஆர்சி522 பலகையைக் கொண்டு என் வண்டியின் ஃபாஸ்டேகைப் படிக்க முடியுமா?
— சரக்கு வாகன உரிமையாளர், ஓசூர்

பதில்: முடியாது. ஃபாஸ்டேக் யூஎச்எஃப் எனப்படும் மிகு உயர் அலைவரிசை வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் அதற்கு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை பயன்படுகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வண்டிக்கு மேலே தொங்கும் ஆண்டெனா சில மீட்டர் தொலைவிலிருந்து படிப்பது அதனால்தான். அதற்கான ரீடர் விலை வேறு, சுற்று வேறு; புதிதாகத் தொடங்குபவர் அதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: என் விடுதி அறை அட்டையை இன்னொன்றில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது தவறா? அவ்வளவு எளிதாக நகல் எடுக்க முடிவது எப்படி?
— கல்லூரி மாணவர், தர்மபுரி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை. 125 கிலோஹெர்ட்ஸில் மிகப் பரவலான ஈஎம்4100 அட்டையில் பூட்டே கிடையாது; மின்புலம் பட்டதும் தன் 64 பிட்களையும் கேட்பவர் எவரானாலும் ஒப்பித்துவிடும். டி5577 போன்ற மாற்றி எழுதத்தக்க சிப்பில் அதே பிட்களை எழுதினால், ரீடருக்கு இரண்டும் ஒன்றே. 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையான மைஃபேர் கிளாசிக் அட்டையில் பூட்டு உண்டு. ஆனால் அதன் கிரிப்டோ-1 என்ற மறைமுறையை 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் புளோட்ஸ் ஆகியோர் அம்பலப்படுத்தத் தொடங்கினர். 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை முழுமையாக உடைத்துக் காட்டினார்கள். கட்டுரை வெளிவராமல் தடுக்க என்எக்ஸ்பி நிறுவனம் வழக்குத் தொடுத்தும் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அதே அட்டைகளை வாங்கி, அதிலும் தொழிற்சாலை வைத்து அனுப்பிய தொடக்கச் சாவியைக்கூட மாற்றாமல் கதவில் மாட்டுகிறவர்கள் இருப்பதுதான் வியப்பு.

முதல் கேள்விக்கு வருகிறேன். அட்டை உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் கதவும் அதன் கணினியும் விடுதியுடையவை. அனுமதியில்லாமல் கணினி அமைப்பை அணுகுவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 ஆகிய பிரிவுகள் கண்டிக்கின்றன. காப்பாளரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் நகல் எடுக்காதீர்கள். பயிற்சிக்கு வேண்டுமானால் வெற்று அட்டைகள் பத்து வாங்கி, உங்கள் மேசைமேலேயே பூட்டும் சாவியும் செய்து பாருங்கள். கற்க வேண்டியது அனைத்தும் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: முப்பது ஆடுகள் வளர்க்கிறேன். காதில் ஆர்எஃப்ஐடி தோடு மாட்டி, பட்டிக் கதவருகே நானே செய்த ரீடரால் படிக்க விரும்புகிறேன். 125 கிலோஹெர்ட்ஸ் பலகை ஒன்று என்னிடம் உள்ளது. அதைப் பயன்படுத்தலாமா?
— விவசாயி, போச்சம்பள்ளி

பதில்: பயன்படுத்த முடியாது, ஆனால் வேறு பலகை வாங்கச் செலவு அதிகம் இல்லை. கால்நடைகளுக்கான உலகத் தர அளவு 134.2 கிலோஹெர்ட்ஸ். ஐஎஸ்ஓ 11784 என்ற தரம் எண்ணின் அமைப்பையும், 11785 அதைப் படிக்கும் முறையையும் வகுக்கின்றன. எண் பதினைந்து இலக்கம் கொண்டது. நாட்டுக் குறியீட்டுடன் வரும் தோடுகளில் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், இந்தியாவுக்கு 356. அரசு கால்நடைத் துறை மாட்டும் பன்னிரண்டு இலக்க மஞ்சள் தோட்டில் இருப்பது அச்சிட்ட பார்கோடு. அதை ரேடியோவால் படிக்க முடியாது. தோடு ரீடருக்குப் பதில் அனுப்பும் முறை இரண்டு வகை; வாங்கும்போது எஃப்டிஎக்ஸ்-பி வகையா, எச்டிஎக்ஸ் வகையா என்று கட்டாயம் கேளுங்கள். டபிள்யூஎல்-134ஏ போன்ற மலிவான ரீடர் பலகைகள் எஃப்டிஎக்ஸ்-பி தோடுகளை மட்டுமே படிக்கும்.

அந்தப் பலகையோடு வரும் சுருள் சிறியது. பட்டிக்குப் பெரிய வளையம் வேண்டும். அதை நீங்களே சுற்றலாம். ஆனால் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு), பலகையோடு வந்த சுருளின் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். பலகையில் இருக்கும் கெப்பாசிட்டரோடு அது சேர்ந்துதான் அலைவரிசை அமைகிறது: 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டரோடு 345 மைக்ரோஹென்றி சுருள் சேர்ந்தால் 125 கிலோஹெர்ட்ஸ். 299 மைக்ரோஹென்றி சேர்ந்தால் 134.2. ஆகவே வந்த சுருளை முதலில் இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளவு 300-ஐ ஒட்டி இருந்தால், 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்கு ஏறத்தாழ 23 சுற்றுகள் தேவைப்படும். 25 சுற்றித் தொடங்கி, அளந்து அளந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் குறையுங்கள். கூட்டுவதை விடக் குறைப்பது எளிது.

கம்பிக்கு பெங்களூரு போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டுபவரிடம் 30 முதல் 34 கேஜ் வரையுள்ள எனாமல் கம்பி எடைக் கணக்கில் கிடைக்கும். சுற்றி முடித்ததும் இரு முனைகளிலும் எனாமலைப் பிளேடால் செம்பு பளிச்சிடும் வரை சுரண்டிவிட்டே ஈயம் வையுங்கள். சுரண்டாவிட்டால் ஒட்டியது போலத் தெரியும், மின்சாரம் போகாது. அலைவரிசையைச் சரிசெய்யக் கெப்பாசிட்டர் சேர்க்க நேர்ந்தால் ஃபிலிம் வகை, நூறு வோல்ட்டுக்குக் குறையாதது வாங்குங்கள். ஒத்ததிர்வில் சுருளின் குறுக்கே எழும் மின்னழுத்தம் பலகைக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டைப் போலப் பல மடங்கு. சாதாரண செராமிக் கெப்பாசிட்டரின் மதிப்பு வெயிலிலும் மின்னழுத்தத்திலும் நகர்ந்துவிடும்.

ஆடு ஓடும்போதே படிக்கும் கருவியாக இதை எதிர்பார்க்க வேண்டாம்; ஒரு சாணுக்குள் காதைக் கொண்டுவந்து படிப்பதற்கே இது போதும். வட்டத் தோட்டின் தட்டைப் பரப்பு வளையத்தை நேருக்கு நேர் பார்க்கும்படி பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பினால் படிக்காது. பட்டிக் கதவு இரும்பாக இருந்தால் வளையத்தை அதில் நேரடியாகக் கட்டாமல், மரச்சட்டத்தில் பொருத்தி இரும்பிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நிறுத்துங்கள். நிறுத்திய இடத்திலேயே இறுதி அளவீட்டையும் செய்துகொள்ளுங்கள்; அருகில் இரும்பு இருந்தால் மேசைமேல் அளந்த எண் அங்கே மாறிவிடும்.