பிரசவ வார்டு சிஸ்டருக்கு அடுத்த படிப்பு எது? திருமங்கலத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மாவுக்கு வணக்கம்.

பாப்பா பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள். மேலே படிக்க ஆசைப்படுகிறாள். வரனும் வருகிறது. இதற்கு நடுவில் ஒரு நிறுவனம், மூன்று மாதத்தில் பேறுகால நர்சிங் டிப்ளமோ தருகிறோம், வெளிநாட்டு வேலை உறுதி என்று சொல்லிப் பணம் கேட்கிறது. கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்ட வேண்டாம். செவிலியருக்கான சிறப்புப் பிரிவு டிப்ளமோ என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் ஓராண்டு நோயாளிகளோடு இருந்து படிப்பது. மூன்று மாதத்தில் வகுப்பறையில் முடிகிற படிப்பு அது அல்ல. அவர்கள் வற்புறுத்தினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யுமா? எழுதிக் கொடுங்கள்." எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

"நாலு வருஷம் படிச்சாச்சே, இன்னும் என்ன படிப்பு?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். ஆனால் பிரசவ அறையில் பாடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வலி எடுத்த பெண்ணுக்குக் கருப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் பார்ட்டோகிராஃபில் (பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் படிவம்) குறிக்கத் தொடங்க வேண்டும் என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய படிவத்தில் அது 5 செ.மீ. என்று மாறியது. அந்த ஒரு சென்டிமீட்டர் தெரியாவிட்டால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவத்தை 'முன்னேற்றம் இல்லை' என்று அவசரப்படுத்திவிடுவார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கும் அப்படித்தான். கண்ணால் பார்த்து 'கொஞ்சம்தான்' என்று மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். அளவுக் கோடு போட்ட பையை அடியில் விரித்து ரத்தத்தை அளந்து, உடனே கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்து, டிரிப் என எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கும் முறையைப் பற்றி 2023-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அந்த முறையைக் கடைப்பிடித்த மருத்துவமனைகளில் கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் சுமார் 60 சதவீதம் குறைந்தன. உங்கள் மகள் படித்த புத்தகத்தில் இது இருந்திருக்க வாய்ப்பில்லை.

அதனால் இப்போதைக்குக் கல்லூரியைத் தேட வேண்டாம், அந்த வார்டை விடவும் வேண்டாம். முழுதாக இரண்டு ஆண்டு அங்கேயே இருக்கட்டும். அந்த நாட்களில் சின்னச் சின்னப் பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டே போகட்டும்.

முதலில் பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைக்கும் பயிற்சி. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் நடத்தும் பயிற்சியில் செவிலியர்களுக்கும் இடம் உண்டு. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மருத்துவமனை நேர்முகத் தேர்வுகளில் இதைத்தான் சோதிக்கிறார்கள். மேசையில் ஒரு குழந்தைப் பொம்மை, ஒரு ஆம்பு பேக் (கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை), ஒரு மாஸ்க் இருக்கும். "குழந்தை அழவில்லை, ஆரம்பிம்மா" என்பார் தலைமைச் செவிலியரான மெட்ரன். சான்றிதழ் கட்டோடு வந்த பெண் பேக்கை வேகமாக அமுக்குவாள். மெட்ரனின் பார்வை அவள் கையில் இருக்காது, பொம்மையின் நெஞ்சில் இருக்கும். நெஞ்சு எழும்பவில்லை என்றால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை, காற்று பக்கவாட்டில் போகிறது. தலையைச் சற்று நிமிர்த்தி, மாஸ்க்கைத் திரும்ப வைத்து, நெஞ்சு எழும்புவதைப் பார்த்த பிறகு தொடர்கிற பெண்ணுக்குத்தான் வேலை. பிறந்து முதல் ஒரு நிமிடத்துக்குள் இது தொடங்கியாக வேண்டும். கையில் பழக்கம் இல்லாமல் அது வராது.

அடுத்து, தாய்ப்பால் ஆலோசனை, வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவைப் படிப்பது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை ஆகியவற்றில் பயிற்சி. மதுரையில் உள்ள நர்சிங் கல்லூரிகள் அவ்வப்போது ஒரு நாள், இரண்டு நாள் தொடர்கல்விப் பட்டறை நடத்துகின்றன. கவுன்சில் ஒப்புதல் பெற்ற நேரம் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். செவிலியர் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த கணக்கு. கடைசி வருடத்தில் மொத்தமாகச் சேர்க்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு சான்றிதழையும் அன்றன்றே ஒரு ஃபைலில் போட்டு வைக்கட்டும்.

இரண்டு ஆண்டு முடிந்ததும் பெரிய படிப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போது அவளுக்கு எது பிடிக்கிறது என்பது அவளுக்கே தெளிவாகியிருக்கும். சொல்லிக் கொடுப்பது பிடித்தால் எம்.எஸ்சி. நர்சிங்கில் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவு: 2 ஆண்டு, பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். நம் மதுரை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியிலேயே எம்.எஸ்சி. உண்டு. பிறந்த குழந்தைகளோடு இருப்பது பிடித்தால் பச்சிளங்குழந்தை நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோ. என்.ஐ.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வேலை பார்க்க எம்.எஸ்சி.யை விட இது நேராகக் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

பிரசவம் பார்ப்பதில்தான் அவள் மனம் என்றால், 2018-இல் மத்திய அரசு அறிவித்த 18 மாத மகப்பேறு செவிலியர் பயிற்சி இருக்கிறது. சிக்கல் இல்லாத பிரசவத்தைத் தானே பொறுப்பெடுத்து நடத்தத் தகுதி தருவது அது. பெரும்பாலும் அரசுப் பணியில் உள்ளவர்களைத்தான் இதற்கு எடுக்கிறார்கள். ஆகவே அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு அறிவிப்பு வந்தால் தவறாமல் எழுதட்டும். தொடக்கத்தில் தொகுப்பூதியம்தான்; ஆனால் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஷிப்டும் செவிலியர் கையில்தான். 21 நாள் பிரசவப் பயிற்சி, 2 நாள் பச்சிளங்குழந்தைப் பயிற்சி எல்லாம் அரசே தரும்.

வெளிநாடு பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஒரே பதிவில் செவிலியர், பிரசவ உதவியாளர் இரண்டும் சேர்ந்து வரும். இங்கிலாந்தில் இரண்டும் தனித்தனிப் பதிவு. செவிலியராகப் போனவர் தானாகப் பிரசவம் பார்ப்பவர் ஆகிவிட முடியாது. அமெரிக்காவில் பிரசவப் பிரிவுச் சான்றிதழ் தேர்வு எழுத அந்நாட்டு உரிமமோ கனடா உரிமமோ இருக்க வேண்டும், அதற்கு மேல் அந்தப் பிரிவில் 24 மாதம், 2000 மணி நேர அனுபவமும் கேட்பார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போவதென்றால் அனுபவச் சான்றிதழை வேலை பார்த்த இடத்திலேயே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். அதனால் இப்போதைய மருத்துவமனையிலிருந்து சான்றிதழ் வாங்கும்போது 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் இல்லாமல் பிரசவ வார்டு, எத்தனை படுக்கை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எங்கும் ஒப்படைக்காமல் நகல் கொடுத்துச் சமாளிக்கப் பாருங்கள்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். படிப்புக்காகத் தள்ளிப்போடுவதும் போடாததும் உங்கள் வீட்டு முடிவு. வரன் பேசும்போதே நைட் டூட்டி உண்டு, இரண்டு வருஷம் கழித்து ஓராண்டோ 18 மாதமோ வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும் என்பதை மாப்பிள்ளை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பாப்பாவையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள்.