குறுநாவல் என்றால் என்ன? மணவாழ்வின் துயரத்தைச் சொல்ல அது ஏன் பொருந்துகிறது?

சிறுகதையைவிட நீளமாக, நாவலைவிடச் சிறிதாக, பெரும்பாலும் ஒரே மனிதரின் மனதை விடாமல் பின்தொடரும் கதைதான் குறுநாவல். இரவு ரயிலில் எதிர் சீட்டுக்காரர் தன் வாழ்க்கையைச் சொல்லி முடிக்கிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கிளைக்கதைகளுக்கு இடமில்லை, ஆனால் ஒரு தம்பதி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனார்கள் என்று சொல்ல நேரம் இருக்கிறது.

1886-இல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' இதற்கு மிக நல்ல உதாரணம். கதாநாயகன் இவான் இலியிச்சின் மனைவி முதல்முறை கர்ப்பமாக இருக்கும்போது இருவருக்கும் மனக்கசப்பு தொடங்குகிறது, இவான் நீதிமன்ற வேலைக்குள் ஒதுங்கிக்கொள்கிறார், அப்புறம் நோயில் விழுந்த பிறகுதான் தான் வாழ்ந்தது சரியான வாழ்க்கைதானா என்ற கேள்வியே அவருக்கு வருகிறது. அவர் இறந்த வீட்டில், துக்கம் விசாரிக்க வந்த நண்பரிடம், அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழி உண்டா என்று மனைவி கேட்கும் இடம் என்னை உலுக்கிவிட்டது. அதற்காக அவளைக் கெட்டவளாகவே படித்துவிட வேண்டாம். அந்த வீட்டில் அவளும் தனியாகத்தான் இருந்தாள்.

பலர் நினைப்பதுபோல் குறுநாவல் என்பது சுருக்கப்பட்ட நாவல் இல்லை. இந்தக் கதையை 600 பக்கத்துக்கு இழுத்தால் அதன் அழுத்தமே போய்விடும்.