தி அவுட்சைடர்ஸ்: பத்தாவது முடித்த பையனிடம் கொடுக்கலாமா?

'பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருக்கும் மகனுக்கு முதல் ஆங்கில நாவலாக தி அவுட்சைடர்ஸ் வாங்கித் தரலாமா? பணக்காரப் பையன்களும் ஏழைப் பையன்களும் கத்தியோடு அடித்துக்கொள்ளும் கதையாமே, படித்துக் கெட்டுப்போக மாட்டானா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கொடுங்கள். கத்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு கொலை நடக்கிறது, கூட்டமாக ஒரு சண்டை நடக்கிறது, கதை சொல்கிற பதினாலு வயதுப் பையன் ஓயாமல் சிகரெட் பிடிக்கிறான். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். (கதை தெரிந்துவிடும், அதனால் மகனுக்கு இதைக் காட்டாதீர்கள்.)

முதலில் எழுதியவரைப் பற்றி இரண்டு வரி. எஸ்.இ. ஹின்டன், அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா ஊர்க்காரர். பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்தார். 1967-இல் புத்தகம் வெளிவந்தபோது வயது பதினெட்டு. சூசன் எலாய்ஸ் என்ற முழுப்பெயரைப் போட்டால், இதை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் யோசித்து முதலெழுத்துகளை மட்டும் போட்டது. இதை எழுதிக்கொண்டிருந்த வருஷம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவர் வாங்கிய கிரேடு 'டி'. மதிப்பெண்ணை நினைத்து வீட்டில் கவலைப்படுகிறீர்கள் என்றால் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை ஒரே ஊரின் இரண்டு பக்கங்களில் நடக்கிறது. கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள் கிரீசர்கள். தலையில் எண்ணெய் வழிய நீளமுடி வளர்த்திருப்பார்கள், அதனால் அந்தப் பெயர். மேற்குப் பக்கத்து வசதியான பையன்கள் சோஷ்கள். கதை சொல்கிற போனிபாய், சோடாபாப், டாரி மூவரும் கிரீசர்கள், அண்ணன் தம்பிகள். அப்பா அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள். இருபது வயது டாரி கல்லூரிக் கனவை மூட்டை கட்டிவிட்டு, கூரை போடும் வேலைக்குப் போய்த் தம்பிகளைக் காப்பாற்றுகிறான்.

இந்த நாவலில் வர்க்கம் என்பது வசனமாக வருவதைவிட உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் அதிகம் வருகிறது. சோஷ்களின் அடையாளங்களில் ஒன்று எது தெரியுமா? மெட்ராஸ் சட்டை. நம் ஊரிலிருந்து போன அதே கட்டம்போட்ட பருத்தித் துணிதான். என் தாத்தா கைலியாகக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த துணி, அறுபதுகளின் அமெரிக்காவில் பணக்காரக் கல்லூரிப் பையன்களின் சட்டை. துவைத்தால் சாயம் போகும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். முதல் தடவை படித்தபோது அந்த வார்த்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

கிரீசர்களால் அந்தச் சட்டை வாங்க முடியாது, கார் வாங்க முடியாது. காசில்லாமல் வளர்கிற ஒன்றே ஒன்று முடி. இது புரிந்தால்தான் நடுவில் வருகிற ஒரு காட்சி உறைக்கும். நள்ளிரவு தாண்டி, பூங்காவில் ஐந்து சோஷ்கள் போனிபாயின் தலையை நீரூற்றுத் தொட்டியில் அமுக்குகிறார்கள். அவன் செத்துவிடுவான் என்ற பயத்தில் நண்பன் ஜானி கத்தியை எடுக்க, பாப் என்ற பையன் செத்துப்போகிறான். இரண்டு பேரும் சரக்கு ரயில் ஏறி, மலைமேல் பாழடைந்து கிடக்கும் ஒரு தேவாலயத்தில் ஒளிகிறார்கள். ஜானி கடைக்குப் போய் ரொட்டி, இறைச்சி, சீட்டுக்கட்டு, ஒரு நாவல் எல்லாம் வாங்கி வருகிறான். கூடவே ஒரு பாட்டில் பெராக்சைடு. அடையாளம் தெரியாமலிருக்க முடியை வெட்டி, நிறத்தை வெளுத்துவிட வேண்டுமாம். கொலைக்குக்கூட அவ்வளவு கலங்காத போனிபாய் இதற்குக் கலங்குகிறான். ஜானி கத்தியை விரித்து, கொத்தாகப் பிடித்து அறுக்கிறான். பிடிபட்டால் நீதிபதியும் முதல் வேலையாக முடியைத்தான் வெட்டச் சொல்வார் என்று வேறு சமாதானம் சொல்கிறான். ஒன்பதாவதில் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, "நாளைக்கு வெட்டிட்டு வா" என்று சொன்ன பி.டி. சார் எனக்கு ஞாபகம் வந்தார். உங்கள் மகனுக்கும் யாராவது ஞாபகம் வரலாம்.

குறையும் உண்டு. தேவாலயம் தீப்பிடிப்பது, உள்ளே குழந்தைகள் மாட்டிக்கொள்வது, இவர்கள் பாய்ந்து காப்பாற்றுவது எல்லாம் அப்பட்டமான சினிமா. பணக்காரர்களுக்கும் கஷ்டம் உண்டு என்று செரி என்ற சோஷ் பெண் பேசுவதை நான் முழுதாக ஏற்கவில்லை. அவள் கஷ்டம் அவள் வீட்டு வராந்தாவோடு முடிந்துவிடுகிறது, ஜானிக்கு அப்படி இல்லை. 1921-இல் கறுப்பின மக்களின் கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துத் தள்ளிய ஊர் டல்சா. அங்கே வளர்ந்த ஒருவர் ஊர்ப் பிரிவினையைப் பற்றி எழுதிய நாவலில் நிறம் ஒரு பிரச்சினையாகவே வரவில்லை என்பதும் உறுத்துகிறது.

அந்தப் பெரிய சண்டையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் இல்லையா? அதில் முதலில் முன்னால் வந்து நிற்பவன் டாரி. எதிரே வருபவன் பால், பள்ளிக் கால்பந்து அணியில் டாரியோடு சேர்ந்து விளையாடியவன். ஒருவன் கல்லூரிக்குப் போய்விட்டான், மற்றவன் கூரைக்கு ஏறிவிட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த நொடியில் தன் அண்ணனுக்குள் பொறாமையும் வெட்கமும் இருப்பதைப் போனிபாய் கவனித்துவிடுகிறான். சண்டையில் கிரீசர்கள் ஜெயிக்கிறார்கள். ஜெயித்து என்ன, அவரவர் இருந்த இடத்தில்தான் இருப்பார்கள் என்று ஒரு சோஷ் பையனே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான்.

ஆங்கிலம் எளிது, பன்னிரண்டே அத்தியாயம். 1983-இல் அமெரிக்க இயக்குநர் கொப்போலா படமாகவும் எடுத்தார். கலிபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் கடிதம் போட்டுக் கேட்டதால் வந்த படம் அது. டாம் க்ரூஸ் சின்னப் பையனாக ஓர் ஓரத்தில் வருவார். ஆனால் புத்தகம் முதலில்.

கெட்டுப்போவானா என்று கேட்டீர்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நண்பர்கள் இறந்த பிறகு, மனசு மரத்துப்போன போனிபாய் ஒரு கடைக்கு வெளியே பெப்சியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். மூன்று சோஷ்கள் காரில் வந்து வம்பிழுக்கிறார்கள். பெப்சி பாட்டிலை உடைத்து, கூர்முனையை நீட்டி, போய்விடுங்கள் என்கிறான். போய்விடுகிறார்கள். கடையிலிருந்து வெளியே வந்த நண்பர்கள், இவனும் முரடனாகிவிட்டானே என்று பதறிப்போய் நிற்கிறார்கள். அவனோ குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான், யாருடைய கார் டயராவது பஞ்சராகிவிடக் கூடாதே என்று.