பெஞ்சில் சொன்ன கட்டன் ஏன் கேட்கவில்லை?

வணக்கம். கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். லாரிகள் எஞ்சினை அணைக்காமலே நிற்கும். அந்த இரைச்சலிலும் கடைசி பெஞ்சில் ஒருவர் ‘ரெண்டு கட்டன் (பால் இல்லாத டீ), ஒண்ணு மதுரம் இல்லாதெ’ என்றால் முன்பு காதில் விழுந்துவிடும். சீழ் வடிந்து இடது காது மந்தமான பிறகு எல்லோரிடமும் ‘என்ன? எந்தா?’ என்று திருப்பிக் கேட்கிறேன். டாக்டர் சோதித்துவிட்டு, வலது காதில் பழுதே இல்லை என்றார். வீட்டிலும் பேச்சு நன்றாகக் கேட்கிறது. கடையில் மட்டும் ஏன் இப்படி? பாய்லர் முன் நின்றால் எனக்கு வலதுபுறம் ரோடு, இடதுபுறம் பெஞ்சு.

அன்புள்ள நண்பருக்கு,

டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் அவர் சோதித்தது சத்தமில்லாத அறையில். அங்கே ஒரு காது போதும். இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிடிக்க இரண்டும் வேண்டும்.

ஹெட்போனில் ஒரு காதுக்கு மட்டும் இரைச்சலையும், அதில் அமுங்கிப்போகும் அளவுக்கு மெல்லிய ஒரு ‘பீப்’ ஒலியையும் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பீப் கேட்காது. இப்போது மறு காதுக்கு அதே இரைச்சலை மட்டும் அனுப்பினால், பீப் கேட்கத் தொடங்கிவிடும். இரைச்சல் கூடியதும் காது கூர்மையாகிறது! அந்தக் காதுக்கும் அதே பீப்பைச் சேர்த்தால் மறுபடி மறைந்துவிடும். கதை விடுகிறான் என்று நினைக்காதீர்கள். 1948-இலேயே லிக்லைடர் என்ற ஆய்வாளர் பேச்சை வைத்தும், ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் தனி ஒலிகளை வைத்தும் இந்த வகை விளைவுகளை அளந்து எழுதிவிட்டார்கள். பீப்பை ஒரு காதில் மட்டும் தலைகீழ் அலையாகக் கொடுத்தால், 500 ஹெர்ட்ஸ் சுருதிப் பக்கம் சுமார் 15 டெசிபல் வரை லாபம்; அதாவது பீப்பை அவ்வளவு மெல்லியதாக்கினாலும் கேட்கும்.

மூளைத்தண்டில் இரு காதுகளின் செய்தியும் சேரும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஒலி ஒரு காதுக்கு மில்லிசெகண்டில் நூறில் ஒரு பங்கு முந்தி வந்தால்கூட நம்மால் உணர முடிகிறது. லாரியும் வாடிக்கையாளரும் வெவ்வேறு திசையில் இருப்பதால் இரண்டுக்கும் இந்த நேர வித்தியாசம் வேறு வேறு. அதை வைத்து இரைச்சலையும் குரலையும் பிரித்துத்தான் உங்கள் தலை இத்தனை நாள் ஆர்டர் எடுத்தது.

ஒற்றைக் காதுக்கும் ஒரு வித்தை மிச்சம் இருக்கிறது. எஞ்சின் சத்தம் கனம், கீச்சு என எல்லாச் சுருதியிலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அந்தப் போக்கோடு ஒட்டாத ஒலியைக் காது பிரித்துவிடும். 1984-இல் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டியது இது. அது உங்களிடம் இன்னும் இருக்கிறது.

இப்போது நல்ல காதை ரோட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பெஞ்சிலிருந்து வரும் குரல் உங்கள் தலையைச் சுற்றி வரவேண்டும். வழியில் ச, ட போன்ற கீச்செழுத்துகள் தேய்ந்துவிடும். பாய்லரைத் திருப்பிப் போட்டு, வலது காது பெஞ்சைப் பார்க்க நில்லுங்கள். அப்புறம், இடது செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அடைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடைத்தாலும் இரண்டு காதின் கணக்கு பழையபடி கூடிவரச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.