ஃபயர்வாலை டிரான்ஸ்பரண்ட் மோடில் பிரிட்ஜாக வைத்துவிட்டேன், எல்லாம் வேலை செய்கிறது. இனி என்ன கவனிக்க வேண்டும்?

"எல்லாம் வேலை செய்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். 2017-ல் நானும் இதே வரியை என் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் வைத்த ஃபயர்வால் ஒரு பாக்கெட்டைக்கூட (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) தடுக்கவில்லை என்று.

உங்கள் நிலைமை எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. உள்ளே இருக்கும் கருவிகளின் ஐபி முகவரியில் கை வைக்கக்கூடாது, கேட்வேயை (வெளியே போக அவை பயன்படுத்தும் ரூட்டர் முகவரியை) மாற்றக்கூடாது, ஆனால் நடுவில் ஒரு காவல் வேண்டும். அப்படி ஒரு நெருக்கடி இல்லாமல் யாரும் டிரான்ஸ்பரண்ட் மோடுக்கு, அதாவது முகவரி எதையும் மாற்றாமல் ஃபயர்வாலைக் கேபிளின் நடுவில் பிரிட்ஜாக (பாலமாக) செருகும் முறைக்கு, போவதில்லை. எனக்கும் அதுதான். நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் செல் கவுன்ட்டர், பயோகெமிஸ்ட்ரி அனலைசர் என்று வரிசையாகக் கருவிகள். ஒவ்வொன்றோடும் ஒரு கம்ப்யூட்டர், அவற்றில் இரண்டு விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. கருவி விற்ற கம்பெனியின் இன்ஜினியர் ஐபியைப் போட்டு, பாஸ்வேர்டையும் தன்னோடு எடுத்துப் போய்விட்டார். "அப்டேட் போட்டால் சர்வீஸ் கான்ட்ராக்ட் செல்லாது" என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள்.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்த செய்தியை எங்கள் நிர்வாகமும் டிவியில் பார்த்தது. அது 445-ஆம் போர்ட் (கம்ப்யூட்டரில் எண்ணிட்ட வாசல் மாதிரி) வழியாக, விண்டோஸின் ஃபைல் பகிர்வு வழியாக நுழைந்த புழு. அதைத் தடுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச்சிலேயே வந்திருந்தது. புழு பரவிய மறுநாள் எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒன்றை வெளியிட்டார்கள். எங்களால் எதையும் போட முடியாது. ஆகவே லேப் ஸ்விட்சுக்கும் மருத்துவமனையின் மைய ஸ்விட்சான கோர் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு பிரிட்ஜ் ஃபயர்வால் என்று முடிவானது. பெட்டி வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. ஒரு பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைச் செருகி, லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 9 போட்டேன்.

"வீலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) போட்டுப் பிரித்திருக்கலாமே, ரூட் பண்ணியிருக்கலாமே" என்று கேட்பவர்கள் தயவுசெய்து மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். கேட்வேயை மாற்ற என்னிடம் பாஸ்வேர்டே கிடையாது. "மருத்துவமனையில் பழைய கம்ப்யூட்டரையா வைப்பது" என்பவர்களுக்கும் அதே பதில்தான்: இருந்ததை வைத்துச் செய்தேன். செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கருவிகளுக்குமுன் எதுவுமே இருந்திருக்காது.

இனி நடந்தது. இரண்டு கார்டையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்தேன். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில், கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான ரூல் பட்டியலான ஃபார்வர்டு செயினின் இயல்பை டிராப் (எதையும் விடாதே) என்று வைத்து, லேப் சாஃப்ட்வேர் சர்வருக்குப் போகும் போர்ட்டுகளை மட்டும் திறந்தேன். ரூல் எல்லாமே ஐபி முகவரியும் போர்ட்டும் வைத்து எழுதியவை. பழைய கேபிளைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் ரிசல்ட் வழக்கம்போல் வந்து விழுந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி. அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பயிற்சிக்கு வந்திருந்த டிப்ளமோ பையன் கேட்டான்: "அண்ணே, இது தடுக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" காட்டுகிறேன் பார் என்று என் மேசையிலிருந்தே லேபின் எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு டெல்நெட்டில் (ஒரு போர்ட்டோடு இணைத்துப் பார்க்கும் சிறு நிரல்) 445 என்று அடித்தேன். டைம்-அவுட் ஆகியிருக்க வேண்டும். திரை மொத்தமும் கறுப்பாகி, இடது மூலையில் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு நின்றது. இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஃபயர்வாலில் ரூல் பட்டியலை எண்ணிக்கையோடு எடுத்துப் பார்த்தேன். ஃபார்வர்டு செயின், டிராப், பூஜ்யம் பாக்கெட், பூஜ்யம் பைட். கீழே இருந்த ஒவ்வொரு ரூலுக்கு எதிரிலும் பூஜ்யம். மூன்று வார டிராஃபிக்கில் ஒன்றுகூட அந்தப் பட்டியலைத் தொடவில்லை.

காரணம் இதுதான். லினக்ஸில் பிரிட்ஜ் என்பது ஸ்விட்ச் மாதிரி, நெட்வொர்க் கார்டின் சொந்த எண்ணான மேக் முகவரியைப் பார்த்து ஃப்ரேமை (பாக்கெட்டைச் சுற்றிய உறை) தள்ளிவிடும் வேலை. ஐபிடேபிள்ஸ் அதற்கு மேலே, ஐபி அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜைக் கடக்கும் பாக்கெட்டை அதன் கண்ணில் காட்ட பிஆர்-நெட்ஃபில்டர் என்ற மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலில் ஏற்றும் துணைப் பகுதி) வேண்டும். கெர்னல் 3.18 முதல் இது தனி மாட்யூல், தேவைப்பட்டால் நாம்தான் ஏற்ற வேண்டும். நான் படித்துப் பழகியதெல்லாம் அதற்கு முந்தைய கெர்னல். மாட்யூல் இல்லாவிட்டால் எந்த எரர் மெசேஜும் வராது. ரூல் அழகாகப் பட்டியலில் நிற்கும், டிராஃபிக் அதன்பாட்டுக்குப் போகும். ரூட்டராக வைத்த ஃபயர்வாலில் கோளாறு என்றால் பெரும்பாலும் நெட் நின்றுவிடும், உடனே ஃபோன் வரும். பிரிட்ஜ் ஃபயர்வாலின் கோளாறு வெறும் கேபிள் மாதிரியே நடந்துகொள்ளும். குறை சொல்லி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

மாட்யூலைக் கையால் ஏற்றினால் மட்டும் போதாது. பூட் ஆகும்போது ஏற்ற வேண்டிய பட்டியலிலும் எழுதுங்கள். இல்லையென்றால் ஒருநாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, பெட்டி தானாக எழுந்து வரும்போது மறுபடியும் கேபிளாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மாட்யூலை ஏற்றினேன். எண்கள் ஏற ஆரம்பித்தன, 445 அடைபட்டது, வீட்டுக்குப் போனேன். 1.40-க்கு லேபிலிருந்து ஃபோன். நைட் டியூட்டியில் இருந்த டெக்னீஷியன் அக்கா: "தம்பி, சிபிசி ரிசல்ட் சிஸ்டத்துல விழ மாட்டேங்குது. ஐசியூலருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க." சிபிசி என்பது செல் கவுன்ட்டர் தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை.

ஓடிப்போய் இரண்டு கார்டிலும் தனித்தனியாக டிசிபிடம்ப் (கடக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் நிரல்) போட்டுப் பார்த்தேன். கோர் பக்கக் கார்டில், சர்வரிலிருந்து செல் கவுன்ட்டருக்கு இணைப்புக் கேட்கும் பாக்கெட் திரும்பத் திரும்ப வருகிறது. லேப் பக்கக் கார்டில் அது வெளியே போகவே இல்லை. கருவிதான் சர்வரைக் கூப்பிடும் என்று நினைத்து ரூல் எழுதியிருந்தேன். பயோகெமிஸ்ட்ரி அனலைசர் அப்படித்தான். செல் கவுன்ட்டரோ காத்திருக்கும், சர்வர்தான் அதைக் கூப்பிட வேண்டும். ரூல் வேலை செய்யாதிருந்த மூன்று வாரமும் இந்தத் தவறும் சேர்ந்தே மறைந்திருந்தது. ஒரு வரி சேர்த்தேன், 2.25-க்குச் சரியானது. அதுவரை அந்த அக்கா கருவியின் திரையைப் பார்த்து ஒவ்வொரு மதிப்பையும் தாளில் எழுதி, ஃபோனில் இரண்டு முறை படித்துக் காட்டி, ஐசியூவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்த அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். "சரிபார்க்காமல் கையால் எழுதிய ரிசல்ட்டை வெளியே கொடுத்தது" என்று குற்றம். தவறு என்னுடையது என்று மீட்டிங்கிலேயே சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "அது வேறு விஷயம்" என்றார்கள். இரவில் மூன்று பேர் பார்க்க வேண்டிய லேபை ஒரே ஆள் பார்க்கிறார், சம்பளமோ வெளியே சொல்ல முடியாத அளவு. அந்த இரவில் நோயாளிகளுக்காகச் சரியாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். மெமோவைக் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் வைத்திருப்பது எந்தப் பெட்டி என்று எழுதவில்லை. பிஎஃப்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் என்றால் இதே பொறி வேறு உருவத்தில் இருக்கிறது: இயல்பாக அது பிரிட்ஜில் சேர்ந்த தனித்தனி இன்டர்ஃபேஸில்தான் வடிகட்டும், பிரிட்ஜ் இன்டர்ஃபேஸில் வடிகட்டாது. பிரிட்ஜின் பெயரில் ரூல் எழுதிவிட்டு, சிஸ்டம் டியூனபிள்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில், எங்கே வடிகட்டுவது என்று சொல்லும் இரண்டு மதிப்புகளையும் மாற்றாமல் விட்டால் உங்கள் ரூலை யாரும் படிக்க மாட்டார்கள். சிஸ்கோ கம்பெனியின் ஏஎஸ்ஏ ஃபயர்வால் இதற்கு நேரெதிர். பிரிட்ஜ் குழுவுக்கு அதே சப்நெட்டில் ஒரு ஐபி கொடுக்காவிட்டால் டிராஃபிக்கே போகாது. ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்பது) தானாகப் போகும், டிஹெச்சிபிக்கு (கருவிக்குத் தானாக ஐபி கொடுப்பது) நீங்கள்தான் ரூல் எழுத வேண்டும். ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலில் எஸ்டிபி (ஸ்விட்சுகளுக்கு நடுவே லூப் வராமல் ஒரு வழியை அடைக்கும் முறை) ஃப்ரேம்கள் கடக்க வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸில் அதற்கென்று உள்ள அமைப்பை இயக்க வேண்டும். "நெட்ஃபில்டரின் புது வழியான என்எஃப்டேபிள்ஸ் இருக்கும்போது ஏன் இதெல்லாம்" என்பவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதில் பிரிட்ஜுக்கென்றே தனிக் குடும்பம் உண்டு, கெர்னல் 5.3 முதல் இணைப்பின் நிலையையும் அது நினைவில் வைக்கும். இன்று புதிதாகச் செய்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். 2017-ல் எனக்கு அந்த வசதி இல்லை.

பெட்டியை நிர்வகிக்கும் ஐபியை பிரிட்ஜில் போடுங்கள், அதில் சேர்த்த கார்டில் போடாதீர்கள். முடிந்தால் நிர்வாகத்துக்கென்றே தனியாக மூன்றாவது கார்டு. பழைய கேபிளை "எதற்கும் இருக்கட்டும்" என்று மாட்டியபடி விடாதீர்கள். எஸ்டிபி இல்லையென்றால் லூப் அடித்து மாடி முழுவதும் நின்றுவிடும். எஸ்டிபி இருந்தாலும் அது அடைப்பது உங்கள் ஃபயர்வால் பக்கத்து வழியாக இருந்துவிட்டால், எல்லாம் பழைய கேபிள் வழியாகவே போகும், நீங்களும் மறுபடி "எல்லாம் வேலை செய்கிறது" என்பீர்கள். ஒரே ஸ்விட்சில் மாட்டிய இரண்டு கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசுவது பிரிட்ஜ் பக்கமே வராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

இதையெல்லாம் விட முதலில், இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். தடுத்திருப்பதாக நீங்கள் நம்பும் ஒரு போர்ட்டை வெளிப்பக்கத்திலிருந்து தட்டுங்கள். தட்டிய கையோடு ஃபயர்வாலில் அந்த ரூலின் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்து, அதே போர்ட்டை மறுபடி தட்டுங்கள். ரீபூட்டுக்கு முன் லேபிலோ கடையிலோ ஆலையிலோ, அந்தப் பக்கம் டியூட்டியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.